மச்சான் கொடுத்த கேமராவும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும்

போன வாரம் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு பாட்டில் சர்ஜிகல் ஸ்பிரிட் கேட்டேன்.

"யாருக்கு சார் காயம்?"

"கேமராவுக்கு" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் — மனைவியின் அண்ணன் — தொண்ணூறுகளில் ஊருக்கு வந்தபோது தங்கைக்கு ஒரு ஃபிலிம் கேமரா கொடுத்தார். கறுப்பாக, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். அப்போது ராமநாதபுரத்தில் எங்கள் தெருவில் யாரிடமும் கேமரா கிடையாது. அதில் எத்தனை படம் எடுத்தோம் என்கிறீர்களா? ஒன்றுகூட இல்லை!

நம்ம பக்கம் அப்படித்தானே? ஒரு பொருள்மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டால் அதை உபயோகிக்க மாட்டோம். ஃபாரின் சென்ட் பாட்டிலில் இருந்தபடியே தானாகக் காற்றில் போனால்தான் உண்டு. கேமராவும் பீரோவுக்குள் போனது.

போன வாரம் மச்சான் தங்கைக்கு போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வாரேன்த்தா. எல்லாருமா ராமேஸ்வரம் போவோம். நாங் குடுத்த கேமரா இருக்குல்ல? அதுலயே போட்டோ எடுப்போம்."

மனைவி அதை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. மேலே இருந்த ரப்பர் பூச்சு உருகி, ஒரே பிசுபிசுப்பு. எங்கள் ஊர் வெயிலில் பீரோ என்பது அடுப்புதானே!

"அண்ணன் பாத்தா என்ன நெனைக்கும்? ஆசையாக் குடுத்ததப் பாழாக்கிட்டாளேன்னுல்ல நெனைக்கும்..." கண் கலங்கிவிட்டாள்.

பலாப்பழப் பிசின் போக என்ன தடவுவோம்? தேங்காய் எண்ணெய். அதைத்தான் முதலில் தடவினாள். பிசுபிசுப்போடு வழவழப்பும் சேர்ந்தது. அடுத்து பவுடர். கேமரா விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தது. கடைசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பருக்கு போன் செய்தேன். அவர் சொன்னதுதான் இந்த ஸ்பிரிட் வைத்தியம்.

பழைய பனியன் துணியை நனைத்து, லென்ஸ் பக்கம் போகாமல் தேய்த்தோம். மை மாதிரி வந்துகொண்டே இருந்தது. மூலை முடுக்குகளுக்கு டூத் பிரஷ். சாயங்காலம் பார்த்தால்... பளபளவென்று வெறும் பிளாஸ்டிக்! துளிகூட ஒட்டவில்லை. பூச்சோடு அதன் மேலிருந்த வெள்ளை எழுத்துகளும் போய்விட்டன. போனால் என்ன என்று விட்டுவிட்டோம்.

மச்சான் வந்தார். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மாப்ள, இது நாங் குடுத்ததில்லையே? அது வெல்வெட்டு கணக்கால்ல இருக்கும்? எழுத்தையும் காணோம்..." தங்கை பக்கம் திரும்பினார். "ஏத்தா, அத வித்துட்டீகளா? சொல்லு, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

நான் ரப்பர், வெயில், ஸ்பிரிட் என்று விளக்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லும்போதுதானே நமக்கு ரொம்பத் திக்கும்? சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது.

மனைவி சட்டென்று எழுந்தாள். உள்ளே போனாள். தன் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துவந்து விரித்தாள். அரக்குப் பட்டின் நடுவில், கேமரா அளவுக்கு ஒரு கறுப்புக் கறை. நானே அப்போதுதான் பார்க்கிறேன்.

"இதுக்குள்ளதாண்ணே இத்தன வருசமாச் சுத்தி வச்சிருந்தேன்."

மச்சான் அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டியது. "பட்டு போச்சேத்தா..."

"போனாப் போகுதுண்ணே. கேமரா நல்லாருக்குல்ல?"

அண்ணனும் தங்கையும் மாறி மாறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் மனசு நெகிழ்ந்துதான் போனது. ராமேஸ்வரம் போகும்வரை மச்சானுக்குப் பொறுக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த ஃபிலிம் ரோலைப் போட்டு, எங்கள் வீட்டு வாசலிலேயே முதல் படத்தை எடுத்தார் — அந்தப் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிற தங்கையை.

எல்லாம் சரி... அந்தக் கல்யாணப் பட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!