சித்தப்பாவுக்குக் கீழே ஓடும் குதிரை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்ட பிறகு நான் எழுதியதெல்லாம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளின் மேல் கமிஷன் கடைப் பெயர்தான். ஆனால் எங்கள் தெருமுனையில் நேற்றுக் கட்டிய ஃபிளெக்ஸ் போர்டிலிருந்து வெயிலில் கிளம்பிய மை வாடை, மண்ணெண்ணெயும் நகப்பூச்சும் கலந்தது போன்ற வாடை, மூக்கில் ஏறியது இன்னும் இறங்கவில்லை. போர்டில், இந்தச் சாரல் சீசனில் இறந்துபோன என் சித்தப்பா சிரிக்கிறார். தலையில் அவருடைய பட்டாளத்துக் கறுப்புத் தொப்பி. அவருக்குக் கீழே, பிடரி பறக்க ஒரு வெள்ளைக் குதிரை ஓடுகிறது.

போர்டை அடித்தவன் என்னோடு படித்த காசிம். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. நேரே போய், "ஏலே, எங்க சித்தப்பா என்ன மாப்பிள்ளை ஊர்வலமாலே போறாரு?" என்று கத்தினேன். "கோயில் கமிட்டில குடுத்த மேட்டர்ல குதிரைப்படைன்னு இருந்துச்சு, குதிரைய வச்சேன். எங்கிட்ட ஏன்லே எகிறுத? என்ன கோவம்னு எழுதிக் குடு, வாசிக்கேன்" என்றான். ஆகவே எழுதுகிறேன்.

என் சித்தப்பா வாழ்நாளில் குதிரை மேல் ஏறியதில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு வரும் வாடகைக் குதிரையைக் கண்டால்கூட ரோட்டின் அடுத்த பக்கம் போய்விடுவார். அவர் இருந்த ரெஜிமென்டுக்குப் பெயர்தான் குதிரைப்படை. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை இருந்தது, பிறகு டேங்க் வந்தது, குதிரை போனது, பெயர் மட்டும் போகவில்லை. அவர் டேங்க் டிரைவர். இதை எங்கள் ஊருக்கு விளங்கவைக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. நாங்கள் பொடியன்கள், "குதிரைக்காரரே, கொள்ளு வாங்கியாச்சா?" என்று அவருடைய இடது பக்கமாக நின்று கேட்போம். இடது காது அவருக்குக் கேட்காது. சொந்தச் சித்தப்பா என்று நான் சலுகை காட்டியதில்லை. கேள்விகளைத் தயாரித்துக் கொடுத்ததே நான்தான்.

அந்தக் காது போனது இலங்கையில். அங்கே சண்டை நடந்த காலத்தில், அமைதிப்படை என்று சொல்லி, அந்த ரெஜிமென்டின் ஒரு பகுதியைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். சித்தப்பாவும், எங்கள் ஊரிலிருந்தே அவரோடு பட்டாளத்தில் சேர்ந்த முத்தையாவும் ஒரே டேங்கில் போனார்கள். பனைமரங்களுக்கு நடுவே, ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்துத் தெருக்களில், அவ்வளவு பெரிய இரும்பை ஓட்டிக்கொண்டு போனதை அவர் சொல்லும்போது கை தானாக லிவரைப் பிடிப்பது போல மடங்கும். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டாராம். ஓர் அம்மா செம்பை நீட்டிவிட்டு, இவர் பேச்சைக் கேட்டதும், "நீங்கள் தமிழோ தம்பி? பிறகேன் வந்தனீங்கள்?" என்று கேட்டாராம். சித்தப்பா தண்ணீரைக் குடிக்காமல் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் டேங்கில் வரவில்லை. கொஞ்ச நாளில் கண்ணிவெடியில் முத்தையா செத்தார். சித்தப்பாவுக்குக் காது போனது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார். அதனால் ஆடி மாதம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு வழக்கம் இருந்தது. மதியக் கொடைக்கு முன்னால், சண்டைக்குப் போய் வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து, எந்த ரெஜிமென்ட், எந்தச் சண்டை என்று கமிட்டித் தலைவர் மைக்கில் சொல்லி, தலையில் பரிவட்டத் துணி கட்டுவார். செத்தவர்களுக்கு வீட்டு ஆள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழும்பும், மேளம் ஒரு தட்டுத் தட்டும். குலவை விழுந்துவிட்டால் அம்மன் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

சித்தப்பாவின் முறை வரும்போது தலைவர் பஞ்சாப் என்பார், ராஜஸ்தான் என்பார், காஷ்மீர் என்பார். இலங்கையைத் தாண்டிக் குதித்துவிடுவார். முத்தையா பெயரை எடுக்கவே மாட்டார். முத்தையாவின் அக்கா இசக்கியம்மாள், புளியங்குடியில் வாக்கப்பட்டவர், வருஷம் தவறாமல் பஸ் ஏறி வந்து, பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பார். முந்தானையை இரண்டு கையிலும் பிடித்தபடி, கூப்பிட்டால் ஓட வசதியாக. சித்தப்பா வலது காதை ஒலிபெருக்கிக் குழாயின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பார். கூப்பிட மாட்டார்கள். அக்கா அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

நான் ஆறாவது படித்த வருஷம், கொடைக்கு முந்தின நாள் சித்தப்பா தலைவர் வீட்டுக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"இந்த வருசமாவது முத்தையா பேரச் சொல்லுங்க அண்ணாச்சி."

"சொல்லலாம்தான்டே. நம்ம சனத்தையே சுடப் போனவனுக்குப் பரிவட்டமான்னு நாலு பேரு கேப்பான். நீ பதில் சொல்லுவியா?"

"நல்ல காரியத்துக்குப் போனான்னா சொல்லச் சொல்லுதேன்? போனான், செத்தான்னு சொல்லுங்க. அவனா கப்பல் ஏறுனான்? ஏத்தி விட்டாங்க."

"கார்கில்ல செத்திருந்தா பிரச்சினையே இல்ல பாத்துக்கோ."

"சரி, அடுத்த தடவ சாகும்போது ஒங்கள்ட்ட எடம் கேட்டுக்கிடச் சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டார் சித்தப்பா. நான் சிரித்தேன். வெளியே வந்து பார்த்தால் அவர் முகம் சிரிக்கிற முகமாக இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருடைய வலது பக்கம் நடந்தேன். அந்த நாலு பேர் யார் என்று அப்போதிருந்து தேடுகிறேன். ஒருத்தரையும் இன்றுவரை பார்க்கவில்லை.

மறுநாள் சாரல் தூறிக்கொண்டிருந்தது. தலைவர் வழக்கம்போல காஷ்மீர் வரைக்கும் போய் நிறுத்தினார். துணியைக் கட்ட இரண்டு கை வேண்டுமே. பக்கத்தில் நின்ற என்னிடம், "இதப் புடிலே" என்று மைக்கை நீட்டினார். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை அவர் அந்த நேரத்தில் மறந்துவிட்டார்: வாத்தியார் முதல் சோடாக்கடைக்காரர் வரை எந்தக் குரலையும் நான் அச்சாக எடுப்பேன். அவருடைய குரல் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மூக்கால் கொஞ்சம் இழுத்து, "அடுத்ததாக, இலங்கைக்குப் போயி அங்கனயே உயிர விட்ட நம்மூரு முத்தையா! வீட்டு ஆளு வரணும்!" என்றேன்.

பெண்கள் பக்கம் யோசிக்கவில்லை. தலைவர் குரல், ஒரு பெயர், அவ்வளவுதான். குலவை வானத்துக்கு எழும்பியது. மேளம் தட்டியது. பாதி கட்டிய துணியோடு தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். விழுந்த குலவையைத் திருப்பி எடுக்க அவராலும் முடியாது, அம்மனாலும் முடியாது. சித்தப்பா தன் தலையிலிருந்த துணியை உருவி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த இசக்கியம்மாள் அக்காவின் முந்தானையில் போட்டார். அக்கா அழவில்லை. துணியை முகர்ந்து பார்த்தார். புதுத்துணியில் என்ன வாடை இருக்கும்? இருந்தாலும் பார்த்தார்.

எனக்குக் கிடைத்தது காது திருகலும், வீட்டில் விளக்குமாறும். அதெல்லாம் போகட்டும். அடுத்த வருஷம் கமிட்டி என்ன செய்தது தெரியுமா? பெயர் கூப்பிடும் வழக்கத்தையே நிறுத்திவிட்டது. ஒரே ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காக எல்லார் பெயரையும் விழுங்கினார்கள். பரிவட்டம் பிளாஸ்டிக் கவரில் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகும் சித்தப்பா ஒவ்வொரு கொடைக்கும் போய், அதே இடத்தில், வலது காதைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். குழாயில் பாட்டு மட்டும் ஓடியது. பெயர் இல்லாததால் குலவைக்கும் வேலை இல்லை. இப்போதுள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாக்கைச் சுழற்றவே தெரியாது.

இப்போது செத்த பிறகு போர்டு வைக்கிறார்கள். பஞ்சாப் இருக்கிறது, ராஜஸ்தான் இருக்கிறது, காஷ்மீர் இருக்கிறது. இலங்கை இருக்க வேண்டிய இடத்தில் குதிரை ஓடுகிறது. அந்தக் கமிட்டிக்காரர்களைக் கேட்கிறேன்: உயிரோடு இருந்தவரை அவர் கேட்டது ஒரு பெயர்தானே? குதிரையா கேட்டார்? அந்தத் தீவில் செத்த சனத்துக்காக வாய்க்கு வாய் அழுகிறீர்களே, அங்கே போய்ச் செத்த ஒரு ஊர்க்காரனை மட்டும் எங்கே புதைத்தீர்கள்? இரண்டு பேருக்காகவும் அழ ஒரு கண் போதாதா?

புளியங்குடிக்குப் போன் போட்டுச் சாவைச் சொன்னபோது இசக்கியம்மாள் அக்கா கேட்டது ஒன்றுதான்: "இனிமே யாருப்பா அங்கன நின்னு கேப்பா?"

இதுவரை எழுதியதைப் படம் பிடித்துக் காசிமுக்கு அனுப்பினேன். திட்டுவான் என்று நினைத்தேன். பிறகு ஒரு வரி வந்தது:

"குதிரைய எடுத்துட்டேம்லே, அந்த எடத்துல வைக்க முத்தையா அண்ணாச்சி போட்டோ அக்காட்ட இருந்தா வாங்கி அனுப்பு."