நாற்றங்காலுக்கு மேலே மூன்று நாள் பாட்டு

பூதப்பாண்டிக்கு அப்பால் ஒரு வயலில் மூன்று நாள் கூடாரமடித்துத் தங்கிப் பாட்டுக் கேட்கும் விழா நடக்கிறது, நீர் போய் இருந்து எழுதும் என்றார் எங்கள் மாத இதழின் ஆசிரியர். அதுவரை நான் அவருக்கு எழுதியவை கோயில் கல்வெட்டுகளும் பழைய தேவாலயப் பதிவேடுகளும் பற்றியவை. அவற்றில் ஒரு வசதி, யாரும் நேரம் மாற்றுவதில்லை.

புரட்டாசிக் கடைசி வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். குறிப்பேட்டில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கொல்லம் ஆண்டின் கன்னி மாதத் தேதி மூன்றையும் எழுதினேன். மாலை நான்கு என்று அச்சிட்டிருந்த முதல் குழு ஆறே முக்காலுக்கு மேடையேறியது. அதையும் எழுதினேன்.

விழாவை நடத்தியவள் இரணியல்காரப் பெண், பெங்களூரில் வேலை. வயல் அவளுடைய தாய்மாமனுடையது. முதல் போகமான கன்னிப்பூ அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயலைக் கேட்டாள். மாமாவால் மறுக்க முடியவில்லை. அதற்கு அடுத்த கீழ்வயலில் அவர் அடுத்த போகமான கும்பப்பூவுக்கு நாற்றுப் பாவியிருந்தார். கால்வாய்த் தண்ணீர் அவருக்குத் திங்கட்கிழமை முறை. ஞாயிறோடு கூடாரங்கள் கிளம்பிவிடும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம், நாங்கள் பொட்டலச் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. முன்முறைக்காரர்கள் இரண்டு பேருக்கு அறுப்பு முடியாததால் தண்ணீர் வேண்டாமாம். ஆகவே மாமாவின் முறை இன்று நான்கு முதல் ஆறு வரை. விட்டால் இன்னும் எட்டு நாள். நாற்று ஏற்கெனவே நுனி சுருளத் தொடங்கியிருந்தது. அதற்குத் தண்ணீர் போக ஒரே வழி, நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்த மேல்வயல்.

"மாமா, நாளைக்கு ஒருநாள் பொறுக்கப்பிடாதா?"

"நாத்துகிட்ட நீயே கேளு, ஏட்டி. அது பொறுக்கும்னு சொன்னா நானும் பொறுக்கேன்."

"இத்தன பேரையும் எங்க கொண்டு போட?"

"தென்னந்தோப்புல போடு. உனக்க பாட்டு வாடாது. எனக்க நாத்து வாடிப்போவும்."

அவள் மேடையேறி அறிவித்தாள். நாற்பத்தொரு கூடாரங்கள் இருந்தன. மூன்றரைக்குள் நாற்பது தோப்புக்குப் போய்விட்டன. நான் எண்ணிக்கொண்டிருந்ததால் என்னுடையது நின்றது.

நான்கு மணிக்கு மாமா மண்வெட்டியால் மடையைத் திறந்தார். மேடை மேட்டுக் களத்தில் இருந்ததால் நனையவில்லை. கடியப்பட்டணத்துக் குழு அப்போதுதான் தொடங்கியிருந்தது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் கூட்டம் குதித்து ஆடியது. தாள் மடங்கிச் சேறானது, சேறு குழியானது. நாலே முக்காலுக்கும் தண்ணீர் வயலின் பாதியைத் தாண்டவில்லை. மாமா மண்வெட்டியோடு வரப்பில் அங்குமிங்கும் ஓடினார். ஐந்து மணிக்கு ஓட்டத்தை நிறுத்தி மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினார். பாட்டு நின்றது.

"பாட்ட நிறுத்தாண்டாம். ஆட்டத்த நிறுத்துங்கோ மக்கா. ஆடி ஆடி வயலக் குழியாக்கிட்டியோ, தண்ணி அங்கினேயே கெடக்கு. ஒருத்தருக்குப் பொறவு ஒருத்தரா, குதிங்கால அழுத்தி, அந்தா அந்தத் தென்னயப் பாத்து நடங்கோ. சால் விழணும்."

டிரம்ஸ் அடிப்பவர் கேட்டார்: "அண்ணாச்சி, என்ன தாளம் வேணும்?"

"நடக்கதுக்கு ஏத்த தாளம்."

அடித்தார். கூட்டம் சிரித்துக்கொண்டே வரிசையானது. கால்சட்டையை மடித்தவர்கள், மடிக்காதவர்கள், நான், குறிப்பேட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி. முன்னால் போனவர் குதிகால் வைத்த இடத்தில் பின்னால் வந்தவர் வைத்தார். மூன்றாவது நடைக்குத் தாளுக்கிடையே ஒரு கோடு விழுந்தது. ஆறாவதில் தண்ணீர் எங்களை முந்திக்கொண்டு போனது. ஐந்து நாற்பதுக்குக் கீழ்வயல் வரப்பின் வெட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய முயன்றேன், டிரம்ஸ்தான் கேட்கிறது.

மாமா நாற்றங்காலின் ஓரமாகவே நடந்து அங்கங்கே விரலை விட்டு ஆழம் பார்த்தார். ஆறு மணிக்கு அடுத்த முறைக்காரர் வந்து மடையை அடைத்தார். மாமாவுக்கு வணக்கம் சொன்னார், எங்களைப் பார்த்தார், போனார்.

"போதுமா மாமா?"

"தெக்கு மூலைக்கு எட்டல்ல."

அவள் குளிக்கிற இடத்துக்குப் போய் நீல வாளிகள் நான்கைக் கொண்டுவந்தாள். மேல்வயல் குழிகளில் தண்ணீர் நிறையக் கிடந்தது. முதல் வாளியை அவளே முக்கி எடுத்தாள், இரண்டாவதை டிரம்ஸ்காரர்.

"மெள்ள ஊத்து ஏட்டி, வேரு பெயர்ந்திரும்," என்றார் மாமா.

ஆறு பத்துக்கு மேடையேற வேண்டிய குழு ஏறவில்லை. காரணத்தை எழுதினேன்: தெற்கு மூலையில் இருந்தார்கள்.