இன்னொரு மாதம்மாவின் பக்கம்

என் கையால் ஓர் உயிர் போயிருக்கும். ஆண்டவர் தடுத்தார். அதைச் சொல்லத்தான் அன்பிய ஜெபக் கூட்டத்தில் உங்கள் முன் நிற்கிறேன்.

நான் ஸ்டெல்லா. தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வார்டில் மாதம்மா என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பென்னாகரம், சர்க்கரை நோயாளி. இன்னொருவர் சித்தேரி மலை, காலில் சீழ்ப்புண்.

காலையில் சேரும்போதே சித்தேரி அம்மா சொன்னார்: "பென்சிலின் போட்டா மூச்சு நின்னுருங்க கண்ணு. ஒரு தடவ பொழச்சதே பெருசு."

கம்ப்யூட்டரில் பதிந்தேன். வரிசை நீண்டிருந்தது. திரையைத்தான் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் கீழே கவுண்டரில் பென்னாகரத்து அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். பென்சிலின் அலர்ஜி என்று சிவப்பில் இருந்தது. ஆளை மாற்றிப் பதிந்திருக்கிறேன். சித்தேரி அம்மாவின் பக்கத்தில் ஒன்றுமில்லை. அதை நம்பி டாக்டர் இரண்டு மணிக்குப் போடச் சொல்லிப் பென்சிலின் எழுதியிருந்தார். மணி இரண்டாக ஐந்து நிமிடம். வார்டு போனை யாரும் எடுக்கவில்லை.

பக்கத்திலிருந்த தோழி, "மேல போயி ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்திடு. இங்க நான் மாத்திடறேன். உண்மையச் சொன்னா வேலை போயிடும்" என்றாள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஒரு கணம் மனம் தடுமாறியது.

மாடிப்படியில் ஓடிக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, வேலை போனா போகட்டும். அந்தம்மாவக் காப்பாத்துங்க. எனக்கு உண்மையச் சொல்ற தைரியம் குடுங்க."

வார்டில் மருந்து சிரிஞ்சில் தயாராக இருந்தது. ஆனால் சித்தேரி அம்மாவின் கை வீங்கி, ஊசி நரம்பை விட்டு விலகியிருந்தது. "வேற நரம்பு கெடைக்கல அக்கா" என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

"போடாத. இவங்களுக்கு இது ஆகாது. நான்தான் தப்பாப் பதிஞ்சுட்டேன்."

டாக்டரிடமும் அதையே சொன்னேன். அந்த அம்மாவின் கணவரிடமும் சொன்னேன். "உங்கள நம்பித்தானங்க மலையில இருந்து எறங்கி வந்தோம்" என்றார் அவர். மன்னிப்புக் கேட்டேன்.

மருந்தை மாற்றினார்கள். புண் ஆறி, அந்த அம்மா தானே நடந்து வார்டை விட்டு வீட்டுக்குக் கிளம்பினார். என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள், ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வேலை போகவில்லை.

இன்று யார் வந்தாலும் பெயரோடு ஊரையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் கேட்கிறேன். பதிந்ததை அவர்கள் முகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டுகிறேன். நேரமாகிறது என்று திட்டுகிறார்கள். திட்டட்டும், இதை விடமாட்டேன்.

தவறை மறைக்கத் தோன்றும் அந்த நிமிடத்தில் நீங்களும் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கும் போகவில்லை. பயத்தோடுதான் பேசினேன். பேச வைத்தவர் அவர்.