மேயருக்கு நீச்சல் தெரியாது

மகளின் நீச்சல் பை மூன்று நாளாகக் கார் டிக்கியிலேயே கிடந்திருக்கிறது. நேற்றுக் காலை திறந்ததும் ஈரத் துண்டும் குளோரினும் கலந்த நெடி முகத்தில் அடித்தது. "எடுத்துக் காயப் போட மாட்டியாடா?" என்றேன். "ஐ ஃபர்காட், அப்பா" என்று பதில் வந்தது. திட்ட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். டெக்சாஸ் பேர்லேண்டில், என் வீட்டு வாசலில், மேயர் ஞாபகம் வந்துவிட்டது.

சான் ஹோசேயில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லினா ஆன்ட்டி வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பிலிப்பைன்ஸ்காரர், நர்ஸ். சர்ச்சில் ஞாயிறு பூசையில் பழக்கம். அவர் பூண்டை வறுத்து வினிகரை ஊற்றினால் வீடே ஊறுகாய் ஜாடி மாதிரி ஆகிவிடும். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது வாரம் தட்டோடு போய் நின்றேன்.

பக்கத்து அறையில் அவருடைய அண்ணன் இருந்தார். எல்லோரும் அவரை மேயர் என்றே கூப்பிடுவார்கள். தங்கையின் துணிகளை மடித்து வைப்பதும் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும்தான் அப்போது அவர் வேலை. ஆனால் அவர் அறைச் சுவரில் அவர் ஹீரோவாக நடித்த ஒரு பழைய சினிமாவின் போஸ்டர் இருந்தது. நனைந்த தலைமுடி, முறுக்கிய கை, பின்னால் பொங்கும் ஆறு. டெல்ஃபின் என்ற பாத்திரம். வெள்ளத்தில் குதித்து ஒரு கிராமத்தையே கரை சேர்ப்பவன். படம் ஓடிய ஓட்டத்தில் அவருடைய சொந்த ஊர் அவரை மேயராக்கிவிட்டது.

இதற்கெல்லாம் ஆச்சரியப்படும் ஊரிலிருந்தா நான் போயிருந்தேன்? போனில் சொன்னபோது திண்டுக்கல்லில் என் அம்மாகூட, "சரி சரி, அடுத்து மந்திரியானாரா இல்லையா?" என்றுதான் கேட்டார்.

மேயர் என்னிடம் தமிழில் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை, தம்பி. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பேசியதுதான். என் நினைவில் என்னவோ தமிழாகவே தங்கிவிட்டது.

"தம்பி, சனிக்கிழமை காலைல ஃப்ரீயா? என்னை சன்னிவேல்ல ஒரு இடத்துக்கு கூட்டிட்டுப் போகணும். லினாகிட்ட சொல்லாதே."

ஊரில் டிரைவர் வைத்திருந்தவர். இங்கே கார் ஓட்ட மாட்டார். நானும் ஏதோ ரகசியம் என்று ஆர்வமாகப் போனேன். பார்த்தால் பொது நீச்சல் குளம். பழைய ஹீரோ உடம்பை மறக்காமல் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போய் நின்றதோ அரிச்சுவடி வகுப்பில், ஆறு வயதுக் குழந்தைகள் நான்கு பேருடன். அவருக்கு அறுபத்தேழு வயது.

"அங்கிள், அப்போ படத்துல...?"

"அது டூப்பு, தம்பி. நான் இடுப்பளவு தொட்டில நின்னு தலையை மட்டும் ஆட்டினேன்."

என்னையும் இறங்கச் சொன்னார். சளி என்றேன். குழாயில் வந்த காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்தான், ஆனால் எனக்கும் நீந்தத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் காபிக் கோப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கிழவர் குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

பார்க்க அது மட்டும்தான் இருந்தது. குழந்தைகள் மிதந்தார்கள், உதைத்தார்கள், அடுத்த வகுப்புக்குப் போனார்கள். புதுக் குழந்தைகள் வந்தார்கள். பயிற்சி கொடுத்த பெண் அவர் முதுகுக்கடியில் இரண்டு கையையும் வைத்து, "நான் பிடிச்சிருக்கேன், விடுங்க" என்பாள். மேயர் ஒவ்வொரு விரலாக எடுப்பார். ஐந்தாவது விரல் வராது.

ஒரு சனிக்கிழமை மழை. வகுப்பு ரத்து. கார் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கேட்காமலே சொன்னார்.

அவர் மேயரான இரண்டாவது வருடம் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் அவர் நின்றிருந்தார். எதிரே சந்தைக் கூரையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், மீன் விற்பவள். நடுவில் தெருவகலத் தண்ணீர்.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடலை, தம்பி. 'டெல்ஃபின், வா டெல்ஃபின்'னு கூப்பிட்டா. பயமே இல்லை அவ முகத்துல. நான் வந்துடுவேன்னு சிரிக்கக்கூடச் செஞ்சா. நான் கம்பியைப் பிடிச்சிட்டு நின்னேன். அப்புறம் கூரை போயிடுச்சு."

வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

"யாராவது திட்டுவாங்கன்னு காத்திருந்தேன். ஒருத்தர் திட்டலை. அவ புருஷன் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அடுத்த தேர்தல்ல முன்னைவிட அதிக ஓட்டு போட்டாங்க. பதவிக்காலம் முடிஞ்சதும் இங்கே ஓடி வந்துட்டேன்."

பிறகு என்னிடம் கேட்டார்: "நீச்சல் தெரிஞ்சிருந்தா குதிச்சிருப்பேனா?"

எனக்கு இருபத்தைந்து வயது. அப்பா வயதுக்காரர் ஒருவர் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? "கண்டிப்பா குதிச்சிருப்பீங்க அங்கிள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் துடைக்க முடியவில்லை. "ஓட்டு போட்டவங்களும் இதைத்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் மூன்று நான்கு வாரம் இருக்கும். ஒருநாள் ஐந்தாவது விரலும் வந்துவிட்டது. இரண்டே வினாடி மிதந்திருப்பார். உடனே மூழ்கி, இருமிக்கொண்டு எழுந்து, மறுபடி சுவரைப் பிடித்தார். குழந்தைகள் கை தட்டினார்கள். நான் காபியைக் கொட்டிக்கொண்டு எழுந்து நின்று கத்தினேன். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் நெற்றியை வைத்து நின்றிருந்தார். தோள் குலுங்கியது. இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று தோன்றியது. ஷூவைக் கழற்றக்கூட இல்லை நான்.

அடுத்த சனிக்கிழமை வேண்டாம் என்றார். அந்தக் கோடையில் ஊருக்குத் திரும்பிவிட்டார். இரண்டு வருடத்தில் தூக்கத்திலேயே போய்விட்டதாக லினா ஆன்ட்டி சொன்னார். நான் டெக்சாஸுக்கு மாறியிருந்தேன். அடக்கத்துக்குப் போகும் நிலையில் என் விசாவும் இல்லை.

நேற்று அந்தப் பையைக் கொடியில் காயப் போட்டுவிட்டு லினா ஆன்ட்டியைப் போனில் கூப்பிட்டேன். சான் ஹோசே வீட்டை விற்றாயிற்று, வாங்கியவர்கள் இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். போஸ்டர் எங்கே போனதென்று அவருக்கும் தெரியவில்லை. சன்னிவேல் குளத்தையும் மூடி மண் போட்டுவிட்டார்களாம்.

"ஊர்ல அண்ணனுக்கு ஆத்தங்கரையில சிலை வெச்சிருக்காங்க, தெரியுமா?" என்றார். "தண்ணிக்குள்ள பாயற மாதிரி. அந்த வெள்ளத்துல குதிச்சு ஒரு பொண்ணைக் காப்பாத்தினார்னு கீழே எழுதியிருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க பூ வைக்கறாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா ஆன்ட்டி?"

"யார்கிட்ட சொல்ல? அந்த மீன்காரியோட புருஷன்தான் சிலையைத் திறந்து வெச்சான்."