தர்மினி பிரித்து வைத்த விதிகள்

தர்மினிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். செபராங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அது எல்லோருக்கும் தெரியும். எதிரே தீவிலிருக்கும் கெலுகோரிலிருந்து தினமும் கடற்பாலத்தைக் கடந்து வருவாள். கையில் எங்களுக்கென்று, கறி வைத்துப் பொரித்த சூடான கறிபாப் இல்லாமல் வரமாட்டாள்.

ஜார்ஜ் டவுனில் ஒரு திருமண மண்டபத்துக்கு முன்பதிவு இணையதளம் செய்து கொடுத்திருந்தோம். நாள்காட்டியில் ஒரு நாளைத் தொட்டால் மண்டபம் உங்களுக்கு. நிரல் எழுதுபவள் தர்மினி, பக்கங்களை வடிவமைப்பவன் சாஹித். தீபாவளிக்கு முன்பு பழைய நாள்காட்டிப் பக்கத்தைத் தூக்கிவிட்டு, விளக்குகள் மின்னும் புதுப் பக்கத்தைப் போட்டான். எல்லோரும் கைதட்டினோம்.

அடுத்த வாரமே மண்டபத்திலிருந்து போன். தை மாதத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணங்கள் பதிவாகியிருந்தன.

ஒருவர் எடுத்த நாளை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்ற விதி, பழைய பக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. பக்கம் போனபோது விதியும் போய்விட்டது.

சாஹித்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் கலரையும் படத்தையும்தான் மாத்தினேன்."

"உன் மேல தப்பு இல்ல தம்பி. பேஜ மாத்துறதுதானே உன் வேல? விதிய அதுக்குள்ள கொண்டு போய் வெச்சது நாங்க" என்றாள் தர்மினி.

முதலாளி சிவநேசனுக்கு அவசரம். "அந்த வரிய புது பேஜ்ல திரும்பப் போட்டா முடிஞ்சுதுலா!"

தர்மினியின் குரல் தாழ்ந்தது. "இப்பவே போடுறேன் பாஸ். ஆனா இவன் நாளைக்கே இன்னொரு பேஜ் செய்வான். அப்ப? காட்டுறது ஒரு இடத்துல, முடிவு எடுக்குறது வேற இடத்துல இருக்கணும். பிரிச்சுத்தான் ஆகணும்."

அவர் முணுமுணுத்தார். ஆனாலும் அவகாசம் கொடுத்தார்.

வேலையைத் தொடங்குமுன் அவள், இரண்டாவதாகப் பதிவு செய்த மணப்பெண்ணின் அம்மா யோகம்மாவைப் பார்க்கப் புறப்பட்டாள். நான்தான் காரோட்டினேன்.

யோகம்மா வாசலிலேயே வெடித்தார். "கார்டு அடிக்கக் குடுத்தாச்சு! இப்ப வந்து கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லப் போறீங்களா?"

"இல்லம்மா. எங்க தப்பு."

அதே முகூர்த்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் வேறொரு மண்டபத்தைத் தர்மினி காலையிலேயே பேசி வைத்திருந்தாள். மூவரும் போய்ப் பார்த்தோம். அங்கே சமையற்கட்டு பெரிது. அதைக் கண்டதும் யோகம்மாவின் கோபம் பாதி இறங்கியது. தர்மினி அங்கிருந்தே அச்சகத்துக்குப் போன் போட்டு இடத்தின் பெயரை மாற்றச் சொன்னதும் மீதியும் இறங்கிவிட்டது.

பிறகு வாரக்கணக்கில் உட்கார்ந்து, பக்கங்களுக்குள் சிதறிக் கிடந்த விதிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஒரு நாளுக்கு ஒரு விசேஷம், புரட்டாசியில் சைவச் சமையல் மட்டும், இப்படி எல்லாவற்றையும் தனியே ஓரிடத்தில் சேர்த்தாள். இனிப் பக்கம் அந்த இடத்திடம் கேட்க மட்டும் செய்யும். கிடைத்த பதிலைக் காட்டும்.

முடித்ததும் சாஹித்தைக் கூப்பிட்டாள். "உன் பேஜ என்ன வேணும்னாலும் பண்ணிப் பாரு."

அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெறும் வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு பொத்தானை வைத்தான். யாரோ எடுத்திருந்த நாளைக் கேட்டான். 'காலி இல்லை' என்று வந்தது. மறுபடி தொட்டான். அதே பதில்.

"அக்கா, இனிமே பயப்படாம கிறுக்கலாமா?"

"கிறுக்குலா!" என்று சிரித்தாள்.

அன்று மதியமே அவன் ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்காகப் பக்கம் முழுக்க, பச்சை ஓலையில் பின்னிய கெத்துப்பாட்டுச் சோற்றுப் பொட்டலங்களைத் தொங்கவிட்டான். தர்மினிக்கு அந்தப் பச்சை பிடிக்கவேயில்லை. ஆனால் பக்கம் அவன் வேலை என்று, மிச்சமிருந்த கறிபாப்பை எடுத்து அவனிடம் நீட்டினாள்.