நாலாம் நம்பர் பனியன்

ராசாத்தாளுக்கு ஒரு வேலை பிடித்துவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும். 1961 கோடையில் அவளைப் பிடித்த வேலை, துணியில் இஸ்திரிப் பெட்டியால் படம் ஏற்றுவது.

யாரும் சொல்லித்தந்ததல்ல. தலையணை உறையில் பூப்போடுவதற்காக மெழுகுக் கலர்க் குச்சியால் காகிதத்தில் ஒரு ரோஜா வரைந்து வைத்திருந்தாள். அது எப்படியோ துணிக்கடியில் போய்விட, மேலே கரிப்பெட்டியை ஓட்டிவிட்டாள். எடுத்துப் பார்த்தால் ரோஜா முழுசாகத் துணிக்கு வந்திருந்தது. ஊசி இல்லை, நூல் இல்லை. அந்த வாரம் வீட்டில் எந்தத் துணியும் தப்பவில்லை. மாமியார் நாச்சியம்மாளின் வெள்ளைச் சேலையை மட்டும், போனால் போகிறதென்று விட்டுவைத்தாள்.

புருஷன் அங்கப்பன் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதிலி. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் கேட்டில் போய் நிற்பான். நிரந்தர ஆள் எவனாவது வராவிட்டால்தான் இவனுக்கு வேலை, இல்லாவிட்டால் சோற்றுத் தூக்குப்போசியோடு திரும்பி நடக்க வேண்டும். அவன் மில்லின் கபடிக் குழுவில் இருந்தான். மில்களுக்கிடையிலான போட்டியில் ஜெயித்தால் குழுவிலுள்ள பதிலிகளைப் பர்மனென்ட் ஆக்குவதாக மானேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ராசாத்தாள் அந்த ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள், எழுந்தாள்.

பனியனில் நம்பர் இல்லாமல் களத்தில் இறங்கக்கூடாது. தைத்த நம்பர்கள் இழுத்த இழுப்பில் பிய்ந்துபோயின. நான் போட்டுத் தருகிறேனென்று இவள் முன்வந்தாள். ஏழு திருப்பூர் பனியன்கள். காகிதத்தில் எண்ணைத் திருப்பி எழுதினால்தான் துணியில் நேராக விழும். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினாள். புருஷனுடைய நாலை மட்டும் சிவப்பில் இரண்டு தடவை தீட்டி, முதுகு நிறையப் பெரிதாக ஏற்றினாள். தன் ஆள் தனியாகத் தெரிய வேண்டாமா?

இறுதி ஆட்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. மாமியாரும் மருமகளும் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது, எதிர்க்குழுவின் வெள்ளியங்கிரி கடைசியாகப் பாடி வந்தான். புழுதி கிளம்பியது. திரும்பி ஓடியவன், நாலாம் நம்பரின் முதுகைத் தொட்டுவிட்டேன் என்றான். அங்கப்பன் படவேயில்லை என்றான். நடுவர் வரதராஜுலுவுக்குப் புழுதியில் எதுவும் தெரியவில்லை. கூச்சல் அடிதடியாகும் போலிருந்தது. சத்தியம் பண்ணட்டும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அங்கப்பன் ஒரு கணம் பெண்கள் பக்கம் பார்த்தான். பிறகு கையை உயர்த்தினான்.

"என்ற சம்சாரம் மேல சத்தியமா, அவன் கை என்ற மேல படலீங்க."

கூட்டம் அடங்கிப்போனது. கட்டினவள் உயிரை வைத்து எவன் பொய் சொல்லுவான்? ராசாத்தாளுக்கு அதுவரை இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் போய்விட்டது. வரதராஜுலு ஊதலை வாயில் வைத்தார்.

வெள்ளியங்கிரி வெறுத்துப்போய் நெற்றி வேர்வையை வழித்தான். நெற்றியெல்லாம் சிவப்பு. ரத்தமென்று யாரோ கத்த, தன் கையைப் பார்த்தான். பிறகு வரதராஜுலுவிடம் போய் உள்ளங்கையை விரித்தான். வரதராஜுலு அங்கப்பனைத் திரும்பி நிற்கச் சொன்னார். வெயிலில் இளகிய மெழுகு நாலின் நடுவில் ஐந்து விரலும் இழுபட்டிருந்தன.

பக்கத்திலிருந்த பெண்கள் அங்கப்பனைப் பார்க்கவில்லை, ராசாத்தாளைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி இவள் கையைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். தோற்றதோ பர்மனென்ட் போனதோ அவளுக்கு உறைக்கவேயில்லை. பொய்யென்று தெரிந்தே என் உயிரைப் பணயம் வைத்தானே என்பது மட்டும்தான் உறைத்தது.

சாயங்காலம் அங்கப்பன் வந்து சுவரோரம் உட்கார்ந்தான். ராசாத்தாள் தட்டை வைத்துச் சோறு போட்டாள். அவன் அதைத் தொடாமல், அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான்.

"கோவிச்சுக்காத அம்மணி. உன்ற மேல சத்தியம் பண்ணோணும்னு நெனைக்கவே இல்ல. மொதல்ல எங்கம்மா மேலன்னுதான் வாயெடுத்தேன். பெத்தவ மேல பொய்ச் சத்தியம் பண்ண மனசு வரலே."

ராசாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ற மேல பண்ண மட்டும் மனசு வந்துச்சுங்களா?"

தான் என்ன சொன்னோம் என்பது அங்கப்பனுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.