புலி குத்தியவன் பொண்டாட்டி

போன வாரம் தேனி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஒரிஜினல் கோம்பை சார், புலியவே கடிக்கும்" என்றார். அது அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு நாய் தேவைப்படவில்லை. சரோஜா டீச்சர் ஞாபகம்தான் வந்தது.

அந்த நாய்க்குப் பேர் கொடுத்த கோம்பை ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. மாடுகளை அடித்துத் தின்ற புலியைத் தேடி ஒருவன் நாயோடு மலையேறினான். பத்தாம் நாள் புலித்தோலோடு இறங்கினான். நாய் வரவில்லை. ஆண்டு விழாவுக்கு அதை நாடகமாக எழுதச் சொன்னார்கள். புலிக்கு மட்டுமே இரண்டு பக்கம் வசனம் எழுதினேன். சிரிக்காதீர்கள், சின்ன வயசு.

ஆசிரியர்கள்தான் நடிகர்கள். உடற்கல்வி சார் வீரன். பொண்டாட்டி வேஷம் தையல் டீச்சர் சரோஜாவுக்கு. புலித்தோல் தைத்ததும் அவர்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதால் எதற்கும் மறுக்க மாட்டார். ஒத்திகையில் மட்டும் கேட்டார்.

"சார், போறப்ப திலகம் வச்சு அழுகுறேன். வந்ததும் ஆரத்தி எடுத்து அழுகுறேன். நடுவுல பத்து நாளு நான் என்ன செஞ்சேன்?"

"கதையில அது இல்லையே டீச்சர்."

"கதையில இல்லாட்டி? பத்து நாளும் சோறு திங்காமயா இருந்தேன்?"

நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

விழா அன்று முன்வரிசையில் பள்ளிச் செயலாளர். அந்த வீரன் தன் முப்பாட்டன் என்று சொல்லிக்கொள்பவர். நான் மேடை ஓரத்தில் வசனத்தாளோடு நின்றேன். வீரன் தோலோடு வந்தார். கைதட்டல். டீச்சர் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார்.

"என் நாயி எங்கன?"

தாளில் அது இல்லை. உடற்கல்வி சார் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"எங்காத்தா வீட்டுலருந்து என் பின்னாடியே வந்த நாயி. கஞ்சி ஊத்துனது நாந்தேன். பத்து நாளா அதுவும் இல்லாம மாட்டக் காத்துக்கிட்டுத் தொழுவத்துல ஒத்தையாக் கெடந்தேன். தோலக் கொண்டாந்தீகளே, அதப் பொதச்சீகளா?"

வசனம் இல்லாததால் சார் தோன்றியதைச் சொன்னார். "இல்லம்மா."

பெண்கள் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். திரையை இழுத்து மூடியது நான்தான்.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டார். "எங்க பாட்டன ஊரு முன்னால நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கு அந்தம்மா. அது நீங்க எழுதுன வசனமா?"

"இல்லைங்க" என்றேன். உண்மைதான். நான் சொன்ன உண்மைகளில் எனக்கே பிடிக்காதது அது.

ஜூனில் தையலுக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் சரோஜா டீச்சர் நின்றார். நான் குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

"விடுங்க சார். நெசத்தத்தான சொன்னீக."

குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். அகப்படவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். கம்பம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அப்புறம் பார்க்கவில்லை.

அந்த மேடையை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே மூன்று மாடிக் கட்டடம். ஆண்டு விழாவில் நாடகமும் கிடையாது. பாட்டைப் போட்டு, வாயசைத்து ஆடுகிறார்கள். எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்தது. நடுவில் யாரும் எதையும் கேட்டுவிட முடியாது.